மணலுள் உறையும் நீர்

நிலத்தின் கீழே ஆறுகள் ஓடுகின்றனவென்று நம்மவர் பலர் எண்ணுகின்றனர். சுண்ணாம்புப் பாறைக் குகைகளில் அவ்வாறு உண்டு. எம் தென்பாண்டிக் கடற்கரையிலோ நீருக்கு உறைவிடம் மணற்பருக்கைகளின் இடைவெளியே. செம்பு நிறைய மணலிட்டு அதன்மேல் நீர் வார்ப்பவர், நிறைந்ததெனக் கண்ட செம்பு கால்பங்கு நீரையேனும் கொள்ளுதலைக் காண்பர். தேரியின் செம்மணல் ஐப்பசி கார்த்திகை மழையை இங்ஙனமே பருகிக் கோடையில் பனைக்கும் கிணற்றுக்கும் ஈகின்றது.

கடலருகே அந்நன்னீர், தன்னினும் கனத்த உப்புநீரின்மேல் மிதக்கின்றது. கடல்மட்டத்திற்கு மேல் ஓரடி நன்னீர் நிற்பின் அதன்கீழ் ஏறத்தாழ 40 அடி நன்னீர் உண்டென்பது, ஹெர்ஸ்பெர்க் என்னும் ஜெர்மானியர் 1901இல் வெளியிட்ட கணக்கு. திருச்செந்தூர் நாழிக்கிணறும், மணப்பாட்டில் சவேரியார் தங்கியதாகக் கூறும் குகையிலுள்ள கிணறும் அலைகளின் அருகே இனித்தற்குக் காரணம் இதுவேயென யாம் துணிகின்றோம். அற்புதத்தைக் குறைத்தோமென எம் பாட்டியார் வருந்துவர். படைப்பின் ஒழுங்கு அற்புதத்தினும் குறைந்ததோ?

அக்கணக்கே அச்சமும் தருகின்றது. நன்னீர் ஓரடி தாழின், கீழுள்ள உப்பு நாளடைவில் 40 அடி எழும். எம் ஊரின் மேற்கே தோட்டத்தார் சிலர் ஆழ்குழாயிட்டு மின்பொறியால் இறைக்கத் தொடங்கியபின், கோயில் தெருக் கிணற்றுநீரில் பருப்பு வேகவில்லை. தம் நிலத்து நீர் தமதேயென்பர் அவர். நிலத்திற்கு வேலியுண்டு, மணலுள் நீருக்கு எவ்வேலி உளது?

பெலிஸ்தர் மண்ணிட்டுத் தூர்த்த கிணறுகளை ஈசாக்கு மீண்டும் தோண்டினான். உப்பேறிய கிணற்றைத் தோண்டுதலால் பயனில்லை. இறைப்பு குறைந்து, பல்லாண்டு மழை மேலிருந்து அழுத்தினாலன்றி உப்பு இறங்காது. எம் தெருவார் இப்போது வண்டிநீரைக் குடக்கணக்கில் விலைக்கு வாங்குகின்றனர்.