மதிலுக்குப் பின்னே மாதுளை

ஸ்பானிய தேசத்தின் தென்பாகத்திலே, பனி மூடிய சியெரா நெவாடா மலைகளின் அடிவாரத்தில் அமைந்துள்ளது கிரனாடா நகரம். ஸ்பானிய மொழியில் 'கிரனாடா' என்றால் மாதுளம்பழம். இந்நகருக்கு வருவோரில் பலர் அல்ஹம்பிரா மாளிகையைக் கண்டு களித்து மறுநாளே திரும்பிவிடுவர். நாமோ அம்மாளிகைக்கு எதிரே, டாரோ என்னும் சிற்றாற்றின் மறுகரைக் குன்றிலே படிப்படியாய் ஏறிச் செல்லும் அல்பைசின் என்னும் பழைய குடியிருப்பில் சில வாரங்கள் தங்கினோம்.

இங்கு தெருக்கள் எனப்படுபவை ஒடுங்கிய ஒழுங்கைகளே. கூழாங்கற்கள் பதித்த தரை. இருமருங்கும் வெள்ளைச் சுவர்கள். சிறிய பஸ் வண்டிகள் மட்டும் வளைந்து வளைந்து ஏறி வருகின்றன. காலையில் பிளாசா லார்கா என்னும் சதுக்கத்தில் காய்கறிச் சந்தை கூடும். அதன் அருகே பழைய மதில்வாயில் ஒன்று உளது. கள்ள நிறை நிறுத்த வணிகரிடம் பறித்த படிக்கற்களை அதன்மேல் தொங்கவிட்டனராம். ஆதலின் 'படிக்கற்களின் வளைவு' என்றே அதற்குப் பெயர். கள்ள நிறை எத்தேசத்துக்கும் பொதுவென எண்ணி நகைத்துக்கொண்டோம்.

இக்குன்றுக்கு உயிரளித்தது தண்ணீர். 11ஆம் நூற்றாண்டில் இங்கு ஆண்ட முஸ்லிம் மன்னர் காலத்திலே, அல்பக்கார் என்னும் ஊரின் ஊற்றிலிருந்து மலைச்சரிவு வழியே வாய்க்கால் வெட்டி நீர் கொணர்ந்தனர். அவ்வாய்க்காலின் பெயர் ஐனடமார். அரபு மொழியில் 'கண்ணீர் ஊற்று' என்பது அதன் பொருள். அந்நீரைத் தேக்கிய நிலத்தடித் தொட்டிகள் 20க்கு மேல் இன்றும் ஒழுங்கை முனைகளிலே காணப்படுகின்றன. வாய்க்காலை 'அசேக்கியா' என்றும், தொட்டியை 'அல்ஹிபே' என்றும் ஸ்பானியர் அழைக்கின்றனர். இரண்டும் அரபுச் சொற்களிலிருந்து பிறந்தவையே. மக்களைத் துரத்தலாம், அவர்கள் விட்டுச்சென்ற சொற்களைத் துரத்துதல் எளிதன்று.

ஆம், இம்மக்கள் துரத்தப்பட்டனர். 1492ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் திகதி கிரனாடா கத்தோலிக்க மன்னர் வசமாயிற்று. முஸ்லிம்கள் தம் சமயத்தைத் தடையின்றிப் பின்பற்றலாம் என உடன்படிக்கை கூறிற்று. ஆயினும் 1499இல் கட்டாய மதமாற்றம் தொடங்கவே, அல்பைசின் மக்கள் கிளர்ந்தெழுந்தனர், அக்கிளர்ச்சி அடக்கப்பட்டது. பின்னர் 1568இல் அல்புஹாரா மலைநாட்டிலே மதம் மாற்றப்பட்டோரின் பெருங்கலகம் மூண்டபோது, அல்பைசின் அதில் எழவில்லை. அப்படியிருந்தும் 1569இல் 10 வயதுக்கும் 60 வயதுக்கும் இடைப்பட்ட ஆண்களைத் திரட்டி ஊரைவிட்டே வெளியேற்றினர்.

வெறுமையான வீடுகள் இடிந்து விழுந்தன. பின்வந்தோர் அந்நிலங்களை ஒன்று சேர்த்து, உயர்ந்த மதில் எழுப்பி, உள்ளே தோட்டம் அமைத்தனர். இவையே 'கார்மென்' எனப்படும் புகழ்பெற்ற மனைகள். மதிலுக்கு மேலே மாதுளையும் மல்லிகையும் எட்டிப் பார்க்கும் அழகில் மயங்காதார் இலர். ஆனால் பல வீடுகளின் அடுப்படிகள் இருந்த இடத்திலேதான் அம்மாதுளை வேர் விட்டிருக்கிறது என்பதை அறிந்தபின், அவ்வழகை முன்போல் நோக்க எம்மால் இயலவில்லை.

1994ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் அல்பைசினை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. 2003இல் குன்றின் உச்சியிலே புதிய பள்ளிவாசல் ஒன்று திறக்கப்பட்டது. பல நூற்றாண்டுகளின் பின் தொழுகை அழைப்பு மீண்டும் இங்கு ஒலிக்கிறது. ஆயினும் குடியிருப்போரை வேறொரு கவலை வாட்டுகிறது. வீடுகள் பல சுற்றுலாப் பயணிகளின் விடுதிகளாகின்றன, வாடகை ஏறுகிறது, இளம் குடும்பங்கள் சமவெளிக்கு இறங்கிப் போகின்றன. எமது அயல்வீட்டு மூதாட்டியார், "இரவிலே கற்களின்மேல் உருளும் பெட்டிச் சக்கரங்களின் ஓசை கேட்கிறது, பகலிலே பிள்ளைகளின் சத்தம் கேட்பதில்லை," என்றார். அன்று ஆணை செய்ததை இன்று பணம் ஓசையின்றிச் செய்கிறதோ என ஐயுற்றோம்.

எம் மாணவர் எவருக்கேனும் அங்கு செல்லும் வாய்ப்புக் கிட்டுமாயின், சான் நிக்கோலாஸ் முற்றத்தில் நின்று அந்தி வெயிலிற் சிவக்கும் அல்ஹம்பிராவைக் கண்டுவிட்டு உடனே இறங்கிவிட வேண்டாம். காலையில் பிளாசா லார்காச் சந்தையிலே அவ்வூர்ப் பெண்டிரோடு நின்று நாலு தக்காளி வாங்குக. இரவில் ஒழுங்கைகளில் மெல்லப் பேசுக. சுவர்களுக்கு அப்பால் இன்னும் மனிதர் உறங்குகின்றனர். அல்பைசினின் பெருஞ்செல்வம் அவர்களே.