சுருக்குப் பையும் மருந்து டப்பாவும்

போன வாரம் டீக்கடையில பங்காளி மகன் ஒருத்தனைக் கண்டிச்சேன். இருபத்திரண்டு வயசுதான். உதட்டுக்குள்ள பொட்டலப் புகையிலையை அதக்கிக்கிட்டு நின்னான். "டேய், வாயில புத்து வந்துரும்டா. 2013-லயே அரசாங்கம் தடை போட்ட சரக்குடா அது"ன்னேன்.

ஓரமாப் போய்த் துப்பிட்டு வந்து சொன்னான்: "பெரியப்பா, மொதல்ல உங்க மடியில இருக்கிற சுருக்குப் பையத் தூக்கிப் போடுங்க. அப்புறம் எனக்குச் சொல்லலாம்."

கடையே சிரிச்சிருச்சு. என் வாயில அப்பத்தான் போட்ட வெத்தலை பாக்கு. "இது செரிமானத்துக்குடா. நான் புகையிலை சேர்க்கிறதே இல்ல"ன்னு இழுத்தேன். பேச்சு எடுபடல. எடுபடாதுன்னு எனக்கும் தெரியும். புகையிலை சேர்க்காட்டியும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-லயே சொல்லிருச்சு. ஊருக்கு முகாம் போட வந்த டாக்டரம்மா இதை எங்ககிட்ட விளக்கியும் சொன்னாங்க. கேட்டுட்டு வந்து, திண்ணையில உக்காந்து பாக்கு வெட்டினவன் நான்.

அவன் மேல கோவம் வந்தது. வீட்டுக்கு நடக்கும்போது, வேற ஒரு ஆளோட முகம் ஞாபகத்துக்கு வந்தது.

போன வருசம் பட்டணத்திலிருந்து ஒரு நண்பர் தோட்டத்துக்கு வந்திருந்தார். கத்தரிச் செடியப் பாத்துக்கிட்டே, "மருந்தடிச்சு எத்தனை நாள் கழிச்சுப் பறிக்கிறீங்க?"ன்னு கேட்டார். அவர் கையில சிகரெட்டு. "அதக் கீழ போட்டுட்டு அப்புறம் என்னைக் கேளுங்க சார்"ன்னேன். வேலையாளுங்க எல்லாம் சிரிச்சாங்க. அவர் வாய மூடிக்கிட்டார். நான் ஜெயிச்சிட்டதா நெனச்சேன்.

டீக்கடையில அந்தப் பய எனக்குச் செஞ்சதும் அதேதான்.

நான் வெத்தலை போடுறதால அவன் பொட்டலம் நல்லதாயிருமா? ஆகாது. அவர் சிகரெட் பிடிக்கிறதால என் காயில இருந்த மருந்து எறங்கிப் போயிருமா? போகாது. சொல்றவன் யோக்கியனாங்கிறது ஒரு கேள்வி. சொல்றது நெசமாங்கிறது வேற கேள்வி. மொதக் கேள்வியக் கையில எடுத்தா, ரெண்டாவதுக்குப் பதில் சொல்லாமத் தப்பிச்சுக்கலாம். அவ்வளவுதான் அதுல இருக்கிற லாபம்.

மறுநாள் அவனைக் கூப்பிட்டேன். "நீ கேட்டது சரிதான். நான் சொன்னதும் சரிதான். வாயத் திற"ன்னேன். மூணு விரலைச் சேர்த்து நிமித்தி வச்சா வாய்க்குள்ள நுழையணும், அதுவும் டாக்டரம்மா சொன்னதுதான். அவனுக்கு நுழைஞ்சது. எனக்கு மூணாவது விரல் முட்டுது. கொஞ்ச நாளாவே குழம்புக் காரம் வாயில எரியுது, வயசாயிருச்சுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். அவன் சிரிக்கல. "திங்கக்கெழமை பெரியாஸ்பத்திரிக்குப் போவோம் பெரியப்பா, நான் வண்டி எடுக்கிறேன்"ன்னான்.

சுருக்குப் பைய வீட்டம்மா கையில குடுத்துட்டேன். எத்தனை நாளைக்கோ, பாப்போம்.

அந்த நண்பர் இதைப் படிப்பார்னு நெனக்கிறேன். சார், நீங்க கேட்டதுக்குப் பதில்: மூணாம் நாளே பறிச்சேன். டப்பாவுல அதவிட அதிக நாள் போட்டிருந்தது. அதுவரைக்கும் விட்டா காய் முத்திரும், சந்தையில எவனும் எடுக்க மாட்டான். அது காரணந்தான், நியாயமில்ல. இப்ப பறிச்சு முடிச்ச அன்னிக்கு சாயங்காலம் அடிக்கிறேன், நாள் கணக்கக் காலண்டர்ல எழுதி வைக்கிறேன். முத்தின காய் மாட்டுக்கும் இல்ல, குப்பைக்குத்தான்.

நீங்க சிகரெட்டை விட்டாலும் சரி, விடாட்டியும் சரி, அடுத்த தடவை வந்தா கேளுங்க.