கையொப்பம் யாருடையது: மின்பணியாளர் பயிற்சியின் இரு வழிகள்

தமிழ்நாட்டில் மின்பணியாளராக விரும்பும் இளைஞர்களில் பெரும்பாலோர்க்கு இரண்டு வழிகளே கண்ணில் படுகின்றன: ஒன்று, பேச்சுவழக்கில் ஐடிஐ எனப்படும் தொழிற்பயிற்சி நிலையம், மற்றொன்று, வேலை தெரிந்த ஒருவரிடம் கையாளாகச் சேர்ந்து கட்டடத்திலேயே கற்றுக்கொள்வது. முன்னது 1950இல் தொடங்கப்பட்ட நடுவண் அரசின் கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின் கீழ் வருவது; அதில் மின்பணியாளர் பிரிவுக்கு 10ஆம் வகுப்பும், வீட்டு மின்னிணைப்புப் பணியை முதன்மையாகக் கொண்ட கம்பியாள் பிரிவுக்கு 8ஆம் வகுப்பும் தேறியிருந்தால் போதும்; பயிற்சிக்காலம் இரண்டுக்கும் 2 ஆண்டுகள்.

அரசு பயிற்சி நிலையமொன்றின் பணிக்கூடத்தில், இரு செப்புக் கம்பிகளை அருகருகே வைத்து மெல்லிய கம்பியால் நெருக்கமாகச் சுற்றிப் பற்றவைக்கும் 'பிரிட்டானியா' இணைப்பை மாணவர்கள் செய்துகொண்டிருந்தபோது, பயிற்றுநர் ஒவ்வொரு சுற்றின் மீதும் நகத்தை ஓட்டி, இடைவெளி தட்டுப்பட்ட இடத்தில் பிரித்து மறுபடி சுற்றச் சொன்னார். தளர்ந்த இணைப்பு சூடேறும், சூடேறிய இணைப்பு காப்புறையை உருக்கும் என்ற பாடம் அங்கே விரல்நுனியில் பதிகிறது. எனினும் அக்கூடம் கற்றுத்தரும் மிக முக்கியமான கருவி 'மெக்கர்' ஆகும். மெயினை அணைத்துவிட்டு, மெக்கரின் ஒரு முனையை மின்கம்பியிலும் மறு முனையை எர்த்திலும் இணைத்துக் கைப்பிடியைச் சுழற்றினால் ஏறத்தாழ 500 வோல்ட் அழுத்தம் பிறந்து, காப்புறை மின்கசிவை எவ்வளவு தடுக்கிறது என்பதை மெகா ஓம் அளவில் முள் காட்டும். 1 மெகா ஓமுக்குக் குறைந்தால் அந்த இணைப்புக்கு மின்சாரம் தரலாகாது. டெஸ்டர் மின்சாரம் இருக்கிறதா என்று மட்டுமே சொல்லும்; சுவருக்குள் மறைந்திருக்கும் பழுதை, ஆள் மீது பாய்வதற்கு முன்பே சொல்வது மெக்கர்தான்.

கட்டடத்தில் கற்பவருக்கு இக்கருவி பெரும்பாலும் கிட்டுவதில்லை. ஆனால் கான்கிரீட் கொட்டுவதற்கு முன் கம்பிக்கட்டுக்குள் குழாய் பதிப்பதையும், விசிறிக்கும் விளக்குக்கும் பெட்டி எங்கே அமைய வேண்டும் என்பதையும் அவர் அறிவதுபோல் பணிக்கூட மாணவர் அறிவதில்லை. தளம் போட்டபின் திருத்த முடியாத வேலை அது. ஒரு வீட்டுவேலையில் ஈடுபட்டிருந்த, நாற்பதைக் கடந்த மின்பணியாளர் ஒருவர், பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுச் சுவர் வெட்டும் ஆளாகச் சேர்ந்து, டிபி பாக்ஸ் எனும் மின்பகிர்வுப் பெட்டியைப் பொருத்துவது வரை தாமே கற்றவர். "பைப்பு போட்டது நானுங்க, ஒயர் இழுத்ததும் நானுங்க, கையெழுத்து மட்டும் வேற ஒருத்தர்துங்க" என்றார் அவர்.

அந்தக் கையெழுத்தில்தான் இத்தொழிலின் அநீதி குடிகொண்டிருக்கிறது. விளக்கு, விசிறி, ஃபியூஸ், சுவிட்ச் மாற்றுவது போன்ற சிறு வேலைகள் நீங்கலாக, மின்னமைப்புப் பணி எதையும் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரே, தகுதிச் சான்றிதழ் உடையவரின் நேரடி மேற்பார்வையில் செய்ய வேண்டும் என்பது 1956ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளிலேயே வகுக்கப்பட்ட நெறி. உயிரைக் காக்க எழுந்த இந்நெறி, கட்டடத்துக்கு வராமலே சோதனை அறிக்கையில் கையொப்பமிட்டுப் பணம் வாங்கும் உரிமதாரர்களுக்கு வருவாயாகிவிட்டது. உழைத்தவருக்கு நாட்கூலி, உழைக்காதவருக்குக் கையொப்பக் கட்டணம், மெக்கர் சுழற்றப்படாமலே அளவு எழுதப்பட்ட வீட்டில் குடியேறுபவருக்கோ உயிராபத்து. இதைத் தொழில் வழக்கம் என்று ஏற்றுக்கொள்வது பெருந்தவறு.

ஆகவே 10ஆம் வகுப்பு முடித்தவர், வீட்டில் உடனடி வருமானத்துக்கு நெருக்கடி இருந்தாலும், கூலியை நம்பி நேரே கட்டடத்துக்குப் போகாமல் ஐடிஐயில் சேர்வதே நல்லது. அரசு நிலையங்களில் மாத உதவித்தொகையும் உண்டு. அதன்பின் 1961ஆம் ஆண்டு தொழில் பழகுநர் சட்டத்தின்படி ஒரு தொழிற்கூடத்தில் உதவித்தொகையுடன் பழகுநராக இருந்துவிட்டு, மின் உரிமம் வழங்கும் வாரியத்திடம் கம்பியாள் தகுதிச் சான்றிதழைத் தம் பெயரிலேயே பெற்றுக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே கட்டடங்களில் தொழில் செய்து வருபவர்களும் வழியற்றுப் போய்விடவில்லை. மாலைநேர வகுப்பில் பயின்று, மின் ஒயரிங் பணியில் 5 ஆண்டு அனுபவமும் காட்டுபவர்களுக்கு மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு நடத்தப்படுகிறது. 21 வயது நிறைந்திருக்க வேண்டும், பள்ளிச் சான்று கேட்கப்படுவதில்லை, மேல் வயது வரம்பும் இல்லை.