முதலில் பிரேக் ஆயிலை மாற்று

கொடைரோடு
ஞாயிறு இரவு

அன்புள்ள தம்பிக்கு,

உன் வாட்ஸ்அப் வந்தது. இருங்காட்டுக்கோட்டையில் டிராக் ஓட்டப் பேர் கொடுத்துவிட்டாய், அதற்குள் வண்டிக்குப் புது சைலன்ஸர் மாட்டப்போகிறாய், "நீதான் கோயம்புத்தூர்ல ஓட்டியிருக்கியே, என்னக்கா சொல்ற?" என்று கேட்டிருந்தாய். போனில் சொல்லலாம்தான். ஆனால் மூன்றாவது வாக்கியத்திலேயே "சரிக்கா, சரிக்கா" என்று வைத்துவிடுவாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். நாலுவழிச் சாலையில் டோல்கேட்டுக்காக லாரிகள் வேகம் குறைக்கிற சத்தம் மட்டும் வந்துகொண்டே இருக்கிறது.

சைலன்ஸர் வேண்டாம். சத்தம்தான் கூடும், வண்டியின் வேகம் கூடாது.

நான் ஏன் டிராக் பக்கம் போனேன் என்று உனக்கு முழுசாகச் சொன்னதில்லை. அம்மா காதுக்குப் போய்விடும் என்று மறைத்தேன். போன வருஷம் மே மாதம் கொடைக்கானல் போய்விட்டு இறங்கிக்கொண்டிருந்தோம். சீசன் கூட்டம். முன்னால் ஒரு டூரிஸ்ட் வேன், அதற்கும் முன்னால் ஒரு பஸ். நான் மூன்றாவது கியரில் போட்டுவிட்டு பிரேக்கிலேயே காலை வைத்து இறங்கினேன். பெருமாள்மலையிலிருந்தே ஒரு கருகல் வாடை. வேனிலிருந்து வருகிறது என்று நினைத்தேன். டம்டம் பாறைக்கு இரண்டு வளைவு முன்னால் பிரேக்கை மிதித்தால், கால் பஞ்சு மூட்டையில் புதைகிற மாதிரி கீழே போனது. வண்டி நிற்கவில்லை. இரண்டாவது கியருக்கு இறக்கி, இன்ஜின் கத்தக் கத்த, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, அருவி பார்க்க நிறுத்துகிற அந்த இடத்தில் ஓரம் கட்டினேன். பிள்ளைகள் எலிவால் அருவியைப் பார்க்கத்தான் நிறுத்தினேன் என்று சந்தோஷமாக இறங்கி ஓடினார்கள். எனக்குக் கை நடுங்கியதில் சாவியை எடுக்க முடியவில்லை.

அப்பாவுக்குப் போன் போட்டேன். அவர் முதலில் சொன்னது: "தண்ணி கிண்ணி ஊத்திராத. தானா ஆறட்டும்." சூட்டில் இருக்கிற டிஸ்கில் தண்ணீர் பட்டால் கோணிவிடும், விரிசலும் விடலாம். இரண்டாவதாகக் கேட்டது: "எந்தக் கியர்ல எறங்குன?" சொன்னேன். பதிலே இல்லை. இருபத்தெட்டு வருஷம் அந்த மலையில் காய்கறி லாரி ஓட்டின மனுஷன். ஏறுகிற கியரில்தான் இறங்கணும் என்று நமக்குச் சின்ன வயசிலிருந்து சொன்னதுதானே. நான் கேட்ட மாதிரியே இருந்திருக்கிறேன், கேட்கவில்லை.

தப்பு என்னுடையதுதான். ஆனால் பாதிதான். வீட்டுக்கு வந்து சர்வீஸ் பில்லை எடுத்துப் பார்த்தேன். எந்த இடம் என்று எழுதவில்லை, வேண்டாம். "பிரேக் ஆயில் மாற்றியது" என்று காசு போட்டிருந்தார்கள். அப்பா சக்கரத்தைக் கழற்றச் சொன்னார். உள்ளே ஏர் எடுக்கிற நிப்பிள் மேல் ஒரு சின்ன ரப்பர் மூடி இருக்கும். அதன்மேல் இரண்டு வருஷத்துச் செம்மண் தூசி, ஒரு விரல் தடம்கூட இல்லாமல் அப்படியே உட்கார்ந்திருந்தது. அந்த மூடியைத் தொடாமல் ஆயிலை எப்படி மாற்ற முடியும்?

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்களே மாற்றினோம். ஜாக்கியில் தூக்கி, அதை மட்டும் நம்பாமல் கீழே ஸ்டாண்ட் கொடுத்தோம். உன் மாமா உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்கணும், நான் கீழே நிப்பிளைத் திறக்கணும். அப்பா கட்டிலை முற்றத்துக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு மேஸ்திரி வேலை. "மிதி... மிதி... புடிச்சுக்க. நீ தொற. மூடு. இப்ப விடு." மூடுவதற்கு முன்னால் உன் மாமா காலை எடுத்துவிட்டால் காற்று உள்ளே போய்விடும். நாலு தடவை எடுத்தார், நாலு தடவையும் அப்பாவிடம் வாங்கிக்கட்டிக்கொண்டார். தூரத்தில் இருக்கிற சக்கரத்தில் ஆரம்பித்து ஒவ்வொன்றாக முன்னால் வந்தோம். ட்யூப் வழியாக பாட்டிலில் வடிந்தது கடுங்காப்பி நிறம். புதுசு எப்படி இருக்கும் தெரியுமா? மெல்லிய தேன் நிறம். ட்யூபில் கடுங்காப்பி போய்த் தேன் வருகிற அந்த நிமிஷத்தை நீ ஒரு தடவை பார்க்கணும். மேலே டப்பாவில் ஆயில் வற்றாமல் ஊற்றிக்கொண்டே இருக்கணும். சிந்தினால் உடனே கழுவிவிடு, பெயின்ட்டைத் தின்றுவிடும்.

இந்த ஆயில் காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சும் சாதி. பாட்டிலில் டாட் 3, டாட் 4 என்று போட்டிருப்பான். டாட் 4 புதுசாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. நாலு சதவீதம்கூட வேண்டாம், அதற்குக் கிட்டத்தில் ஈரம் சேர்ந்தாலே அந்த வரம்பு 155-க்கு இறங்கிவிடும். மலை இறக்கத்தில் பிரேக்கிலேயே கால் வைத்தால் அந்தச் சூடு வந்துவிடுகிறது. கொதித்தால் ஆவி. ஆயிலை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். பெடல் பஞ்சாவது அதனால்தான். டிராக்கில் இந்தச் சூடு இரண்டு மூன்று சுற்றிலேயே வந்துவிடும். சைலன்ஸர் காசில் ஒரு பாட்டில் டாட் 4 வாங்கு என்று நான் சொல்வது இதற்குத்தான். சீல் உடைக்காத பாட்டிலாகப் பார்த்து வாங்கு. திறந்து வைத்த பாட்டிலும் ஈரம் குடித்திருக்கும்.

அதற்கப்புறம்தான் கோயம்புத்தூர் செட்டிப்பாளையம் டிராக். வேகமாக ஓட்ட ஆசையா என்று எல்லோரும் கேட்டார்கள். இருந்தது, பொய் சொல்வானேன்? ஆனால் வண்டி கையை விட்டுப் போகும்போது என்ன செய்யணும் என்று ரோட்டில் பழக முடியாதே. ஒட்டன்சத்திரம், பழனி, உடுமலை, பொள்ளாச்சி வழியாக விடியற்காலையில் கிளம்பிப் போனோம். கரி மோட்டார் ஸ்பீட்வே, 2.1 கிலோமீட்டர். எஸ். கரிவரதன் பேரில் வைத்தது. மாருதி 800-இன் அந்தச் சின்ன 796 சிசி இன்ஜினை வைத்தே ஒற்றை ஆள் ரேஸ் கார் கட்டி, பணக்கார வீட்டுப் பிள்ளைகள் விளையாட்டாக இருந்ததைக் கொஞ்சம் கீழே இறக்கிக்கொண்டு வந்த மனுஷன். 1995-இல் விமான விபத்தில் போய்விட்டார். அந்த ஃபார்முலா மாருதியில் ஓட்டிப் பழகியவர்தான் நம் நரேன் கார்த்திகேயன், 2005-இல் ஃபார்முலா ஒன் வரைக்கும் போனார். சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் விட்ட காலத்துக் கதையெல்லாம் நீ போகிற இடத்தில் நிறையக் கேட்பாய். இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்ததே 1990-இல்தான்.

உள்ளே விடுவதற்கு முன் வண்டியைச் சோதிப்பார்கள். உருளக்கூடிய எல்லாவற்றையும் எடுக்கச் சொன்னார்கள். மேட், தண்ணீர் பாட்டில், ஸ்டெப்னி, ஜாக்கி, சின்னவளின் ஒற்றைச் செருப்பு, சீட்டுக்கடியிலிருந்து ஒரு காய்ந்த எலுமிச்சம்பழம். கடைசியில் டேஷ்போர்டு பிள்ளையார். "மேடம், சாமி ஒட்டியிருக்கா, சும்மா வெச்சிருக்கா?" என்றான் சோதித்த பையன். சும்மாதான் வைத்திருந்தேன். உன் மாமா அவரைக் கைக்குட்டையில் சுற்றிக் கையில் வைத்துக்கொண்டு நாள் முழுக்கச் சுவரோரம் நின்றார்.

வாத்தியார் முதல் ஒரு மணி நேரம் வேகத்தைப் பற்றிப் பேசவே இல்லை. கண், பிரேக், அவ்வளவுதான். வளைவுக்குள் நுழையும் முன்னாலேயே நேர்கோட்டில் பிரேக்கை முடித்துவிடு, அப்புறம்தான் ஸ்டீரிங். இரண்டையும் ஒன்றாகக் கேட்காதே. டயர் ரோட்டைத் தொடுகிற இடம் நம் உள்ளங்கை அளவுதான். நம் தோட்டத்து மோட்டார் எடுக்கிற தண்ணீர் ஒரு அளவுதானே? இரண்டு பாத்தியையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டால் இரண்டிலும் பாதிதான் பாயும். அவர் அப்படிச் சொல்லவில்லை, எனக்கு அப்படித்தான் புரிந்தது. திரும்பணும் என்கிற இடத்தைப் பார், மோதிவிடுவோமோ என்கிற இடத்தைப் பார்க்காதே என்றார். கண் போகிற இடத்துக்குக் கை போகும். இது எழுதினால் லேசாக இருக்கிறது. 90-இல் வரும்போது கண் தானாகவே மண்ணைத்தான் பார்க்கும்.

ஐந்தாவது சுற்றோ ஆறாவதோ, வளைவுக்கு நடுவில் வேகம் அதிகம் என்று பயந்து ஆக்ஸிலேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தேன். எடை எல்லாம் முன்னால் சாய்ந்து பின்பக்கம் லேசாகிவிட்டது. வால் சுற்றி, நான் வந்த பக்கத்தையே பார்த்துக்கொண்டு புல்லில் நின்றேன். ஒன்றும் ஆகவில்லை. கண்ணாடி முழுக்கத் தூசி, மார்ஷல் மஞ்சள் கொடி ஆட்டுகிறார். சிரிப்பு வந்தது. கொடைக்கானல் ரோட்டில் இதே காலை இதே மாதிரி எடுத்திருந்தால், அங்கே புல் கிடையாதே.

அதனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். வெளியிலிருந்து உள்ளே வந்து வளைவின் முனையைத் தொட்டு மறுபடி வெளியே போகிற அந்தக் கோடு ரொம்ப ருசி. அதை அங்கேயே விட்டுவிட்டு வா. வத்தலக்குண்டு ரோட்டில் பாதி ரோடு எதிரே வருகிறவனுடையது. நானே திரும்பி வரும்போது பழனிக்கு இந்தப்பக்கம் ஒரு வளைவில் கை தானாக ஓரத்துக்குப் போனது. உன் மாமா பிள்ளையாரைத் தூக்கிக் காட்டினார்.

இனி உன் வேலை. டயர் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், 3219 என்றால் 2019-ஆம் வருஷம் 32-ஆவது வாரம் செய்தது. உன்னுடையது பழைய வண்டி, குனிந்து பார். நரேன் 2005-இல் இண்டியானபோலிஸில் நாலாவது வந்தாரே, அது எப்படி? மிஷலின் டயர் அந்தச் சாய்வு வளைவைத் தாங்காது என்று 14 கார்கள் ஒதுங்கிவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் போட்டிருந்த ஆறு கார்கள்தான் ஓடின. ஃபார்முலா ஒன்னிலேயே டயர்தான் முடிவு செய்தது. காற்று, வண்டி ஆறியிருக்கும்போது பார்க்கணும், அளவு கதவோரத்து ஸ்டிக்கரில் இருக்கும். ஓடினால் ஏறும், ஓட்டி முடித்து வீட்டுக்குக் கிளம்பும் முன் மறுபடி சரிபார். பிரேக் பேட் எவ்வளவு மிச்சம் என்று நீயே எட்டிப் பார், மூன்று மில்லிமீட்டருக்குக் கிட்டே வந்திருந்தால் மாற்றாமல் போகாதே. இன்ஜின் ஆயிலை சமதரையில் நிறுத்தி, கொஞ்ச நேரம் விட்டு, குச்சியைத் துடைத்து மறுபடி விட்டுப் பார். வீல் நட்டை எதிரும் புதிருமாக முடுக்கு, கடைசி முடுக்கு சக்கரம் தரையில் இருக்கும்போது, டார்க் ரெஞ்சில்.

ஓடி முடித்ததும் கடைசிச் சுற்றை பிரேக் தொடாமல் மெதுவாக வா, எல்லாம் ஆறட்டும். நிறுத்தினதும் ஹேண்ட் பிரேக் போடாதே, கியரில் விட்டுக் கல் வை. இதை என்னிடம் யாரும் சொல்லவில்லை, சூட்டில் பின்பக்கம் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் நகரவில்லை. பருத்திச் சட்டை, மூடின ஷூ. அப்புறம் இன்சூரன்ஸ் பாலிசியைப் பிரித்துப் படி. ரேஸ், வேகச் சோதனைக்கெல்லாம் பணம் கிடையாது என்று சின்ன எழுத்தில் இருக்கும். தெரிந்துகொண்டே போ.

அஜித் வீடியோவாக அனுப்பிக்கொண்டிருக்கிறாய். 2025 ஜனவரியில் துபாயில் பயிற்சியின்போது கார் தடுப்பில் மோதிச் சுற்றிய வீடியோ ஒன்று, அடுத்த சில நாளில் அவர் அணி பிரிவில் மூன்றாவது வந்து கொடியோடு நிற்கிற வீடியோ ஒன்று. இரண்டுக்கும் நடுவில் அந்தக் காரைச் சரிபண்ணிக்கொண்டு எத்தனை பேர் தூங்காமல் இருந்திருப்பார்கள் என்பதற்கு வீடியோ இல்லை.

அப்பா நன்றாக இருக்கிறார். நான் செட்டிப்பாளையத்திலிருந்து வந்ததும் எல்லாம் கேட்டார். எவ்வளவு தூரம், எத்தனை சுற்று, எவ்வளவு காசு. கேட்டுவிட்டு, "சுத்திச் சுத்தி ஏறுன எடத்துலயே எறங்குறதுக்கா இம்புட்டுக் காசு?" என்றார். ஆனால் மறுநாள் காலையில் பார்த்தால் என் முன்சக்கரத்துப் பக்கம் குந்தி உட்கார்ந்து டயர் ஓரம் எப்படித் தேய்ந்திருக்கிறது என்று விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

பொங்கலுக்கு வண்டியிலேயே வராதே, பாண்டியனில் வா. உன் டிராக் தேதி அதற்கப்புறம்தானே? லீவு முடிந்து என்னோடு சென்னை வந்து உன் வண்டிக்கு ஆயில் மாற்றலாம் என்று அப்பாவே சொல்கிறார். அதற்குள் இங்கே என் வண்டியில் நீ ஒருமுறை செய்து பழகிக்கொள், பின்பக்கம் டிரம் திறக்கிற வேலை பாக்கி இருக்கிறது. உன் நண்பனிடம் டார்க் ரெஞ்ச் இருக்கிறது என்றாயே, கேட்டு எடுத்து வா. மாமா பெடல் மிதிக்க மாட்டாராம், இந்தத் தடவை நீதான் மிதிக்கணும். ரயில் விடியும் முன்னால் வந்துவிடும், ஸ்டேஷன் வாசலில் புளியமரத்தடியில் நிற்பேன்.

அன்புடன்,
அக்கா