வராத மாணவனுக்குச் சுழியமா?

தேர்வு முடிந்ததும் ஆசிரியர் அறையில் புள்ளிப் பட்டியல்கள் குவியும். அவற்றைச் சரிபார்க்கப் பெர்ல் மொழியில் சிறு நிரல் ஒன்றை எழுதிப் பயன்படுத்தி வருகிறேன். 1987ஆம் ஆண்டு லேரி வால் வெளியிட்ட இம்மொழி, எழுத்துத் தொடர்களை ஆராய்வதில் வல்லது. ஆயினும் எதையும் மறுக்காத அதன் தாராள குணம் நம் பிள்ளைகளைப் பாதிக்கக்கூடும்.

தேர்வுக்கு வராதவர் பெயருக்கு நேரே 'டிஎச்' என்று குறிப்பது எங்கள் வழக்கம். மலாயில் 'திடாக் ஹாடிர்' என்பதன் சுருக்கம் அது. இதனையும் சேர்த்துக் கூட்டச் சொன்னால், பெர்ல் சுழியமாகக் கொண்டு கூட்டிவிடும். எச்சரிக்கை வசதியை இயக்கியிருந்தால் சற்றே முணுமுணுக்கும், அவ்வளவுதான். ஐவரில் நால்வர் 80, 70, 90, 60 பெற, ஒருவர் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். 75 ஆக இருக்க வேண்டிய சராசரி 60 ஆகிவிடும். காய்ச்சலில் படுத்திருந்த பிள்ளையின் பெயரோ குறைநீக்கல் வகுப்புப் பட்டியலில் ஏறிவிடும். பெற்றோரிடம் என்னவென்று சொல்வது?

ஆகவே கூட்டுவதற்கு முன்னரே சோதிக்க வேண்டும். 'கிரெப்' என்னும் கட்டளை, பட்டியலில் நிபந்தனைக்கு உட்பட்டவற்றைப் பொறுக்கித் தரும். நானோ நிபந்தனையைத் தலைகீழாக்கி, உட்படாதவற்றைக் கேட்கிறேன். எல்லாம் சரியா என்று மட்டும் பார்க்கும் 'ஆல்' என்னும் கட்டளையும் உண்டு. அது ஆம், இல்லை என்று விடை தருமேயன்றிப் பிழை எந்த வரியில் என்று காட்டாது. வெற்றுப் பட்டியலைக் கொடுத்தாலும் 'ஆம்' என்றே சொல்லும்! (புள்ளியே ஒப்படைக்காத வகுப்பும் தேறிவிடும்.)

என் நிபந்தனை இதுதான்: 0 முதல் 100 வரையிலான முழு எண், அல்லது 'டிஎச்'. முதலில் எழுத்து வடிவத்தையும் பின்னரே வரம்பையும் சோதிக்கிறேன். காரணம் உண்டு. 70இல் சுழியத்திற்குப் பதில் ஆங்கில 'ஓ' எழுத்து தட்டச்சாகியிருந்தால், பெர்ல் அதனை 7 என்று கொள்ளும். அது 100க்குள் அடங்குவதால் வரம்புச் சோதனை பிடிக்காது. பிள்ளைக்கு 63 புள்ளி நட்டம்.

இன்னொரு வேடிக்கை. இலக்கம் எது என்று அறியப் பெர்லில் உள்ள பொதுக் குறியீடு, யுனிகோடு உரையில் ௭௫ என்னும் தமிழ் இலக்கங்களையும் ஏற்றுக்கொள்ளும். தமிழாசிரியருக்கு மகிழ்ச்சிதான்! ஆனால் கணக்கிடும்போது அதே ௭௫ சுழியமாகிவிடும். ஆகவே 0 முதல் 9 வரை என்று வெளிப்படையாக வரையறுப்பதே நன்று.

திருத்தும் பணியை நான் நிரலிடம் விடுவதில்லை. பிழையான வரிகள் மட்டும் வரிசை எண்ணுடன் அச்சாகின்றன. வகுப்பாசிரியர் விடைத்தாளைப் பார்த்துத் திருத்துகிறார்.