பால் கணக்கு

அம்மாவுக்குத் தலைவலி வரும் நாட்களில் எங்கள் வீட்டில் அம்மிச் சத்தம் கேட்காது. சுக்கை இழைத்து நெற்றியில் பற்றுப் போட்டு, பழந்துணியால் இறுகக் கட்டிக்கொண்டு, சன்னல் சாத்திய உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். வெளிச்சம் ஆகாது, வாந்தியெடுப்பாள். "வேல வந்தா தலவலியும் கூடவே வந்துரும்" என்று ஆச்சி திண்ணையிலிருந்து சொல்வாள். நானும் அதை நம்பினேன். கல்லூரியில் படிக்கும்போதும் நம்பினேன் என்பதுதான் இன்று உறுத்துகிறது.

2011இல் அம்மா காலமானாள். அந்தத் தலைவலி அதற்கு முன்பே தங்கையிடம் வந்துவிட்டிருந்தது. அவள் இங்கிலாந்தில், லெஸ்டரில் வசிக்கிறாள். அங்கே அவளுக்கு முதலில் தந்தது இரத்த அழுத்தத்திற்கான ப்ரோப்ரனலால். அடுத்து மனச்சோர்வுக்கான அமிட்ரிப்டிலின். மூன்றாவதாக வலிப்பு நோய்க்கான டோபிரமேட். ஒற்றைத் தலைவலியைத் தடுக்க நெடுங்காலம் கைகொடுத்தவை இப்படி வேறு நோய்களிடமிருந்து இரவல் வாங்கிய மருந்துகளே. பலருக்கு அவை பலனளிக்கின்றன; தங்கைக்கு அளிக்கவில்லை. டோபிரமேட்டுக்குச் சொற்களை மறக்கடிக்கும் குணம் ஒன்று உண்டு. ஒருநாள் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தவள் நடுவில் நின்றுபோனாள். "அண்ணா, அரிசி புடைப்போமே, அதுக்கு என்ன பேரு?" என்றாள். "முறம்" என்றேன். சிரித்தாள். பிறகு அழுதாள். சொற்களைக் கற்பித்துப் பிழைக்கும் எனக்கு அன்று வேறு சொல் எதுவும் கிடைக்கவில்லை.

அதன் பிறகுதான் ஊசியைப் பற்றிய பேச்சு வந்தது. முகத்திலும் மூளையின் உறைகளிலும் பரவியிருக்கும் முப்பிரிவு நரம்பின் முனைகள் சி.ஜி.ஆர்.பி. என்ற சிறு புரதக்கூற்றைச் சுரக்கின்றன. தலைவலி தாக்கும் வேளையில் கழுத்துச் சிரையின் இரத்தத்தில் அது மிகுந்திருப்பதை 1990இல் கோட்ஸ்பியும் எட்வின்சனும் காட்டினார்கள். அதைத் தடுக்கும் எதிர்ப்பொருள் மருந்துகள் அமெரிக்காவில் ஒப்புதல் பெற 2018 வரை ஆயிற்று. தங்கைக்குக் கிடைத்தது ஃப்ரெமனெசுமாப். அது சி.ஜி.ஆர்.பி.யைப் பற்றிக்கொண்டு செயலிழக்கச் செய்கிறது. குளிர்பெட்டியில் வைத்திருந்து, மாதம் ஒருமுறை தொடையிலோ வயிற்றிலோ தானே போட்டுக்கொள்ளலாம்.

இங்கிலாந்தின் பொது மருத்துவச் சேவையில் இது கேட்டவுடன் கிடைத்துவிடுவதில்லை. மாதத்தில் குறைந்தது 4 நாட்களாவது ஒற்றைத் தலைவலி இருக்க வேண்டும். 3 தடுப்பு மருந்துகளாவது பலன் தராமல் போயிருக்க வேண்டும். 12 வாரங்கள் கழித்துப் பார்ப்பார்கள். நாட்பட்ட தலைவலியானால் நாட்கள் 30 விழுக்காடாவது குறைந்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஊசி நிறுத்தப்படும். ஆகவே தங்கையை ஒரு நாட்குறிப்பு வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். வலித்த நாள், வலிக்காத நாள். "நான் எழுதினத அப்படியே எடுத்துக்கிட்டாங்க அண்ணா. நெஜமான்னு யாரும் கேக்கல" என்றாள். ஊசியைவிட அதுதான் அவளுக்கு வியப்பாக இருந்தது போலும்.

மாதத்திற்கு 16 நாட்களாக இருந்தது 9 ஆயிற்று. ஊசி போட்ட இடம் இரண்டு நாள் தடித்துச் சிவக்கும், அவ்வளவுதான். இதை அற்புதம் என்று சொல்ல மாட்டேன். நாட்பட்ட ஒற்றைத் தலைவலிக்காரர்களிடம் இம்மருந்தைச் சோதித்து 2017இல் வெளியான ஆய்வில், மாதம்தோறும் ஊசி பெற்றவர்களுக்குச் சராசரியாக 4.6 தலைவலி நாட்கள் குறைந்தன. மருந்தில்லாத போலி ஊசி பெற்றவர்களுக்கும் 2.5 நாட்கள் குறைந்தன. சிலருக்கு எதுவுமே குறைவதில்லை. ஆனால் 7 நாட்கள் என்பது என்னவென்று தங்கை சொன்னாள்: "பிள்ளைய நானே பள்ளிக்கூடத்துல விட்டுட்டு வரேன்."

சென்ற விடுமுறையில் ஊர் வீட்டுப் பரணை ஒழித்தபோது ஒரு பழைய நாட்காட்டி அகப்பட்டது. கட்டம் கட்டமாக அம்மாவின் கையெழுத்தில் பால் கணக்கு. காலை அரைப்படி, மாலை உழக்கு. இடையிடையே வெறும் கட்டங்கள். பால் வராத நாள் என்றால் அம்மா அங்கே ஒரு சுழி போட்டிருப்பாள்; இவற்றில் அதுவும் இல்லை. அப்பாவோ ஆச்சியோ அந்தக் கணக்கைத் தொட்டதில்லை. எல்லாமே தலைவலி நாட்களாக இருந்திருக்க வேண்டியதில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பரணடியில் உட்கார்ந்து எண்ணினேன். ஒரு மாதத்தில் 11. அடுத்த மாதத்தில் 9.

படமெடுத்துத் தங்கைக்கு அனுப்பினேன். வெகுநேரம் கழித்து அழைத்தாள்.

"அம்மாவுக்கும் கொடுத்திருப்பாங்க இல்லண்ணா?"

4 நாட்கள் போதும் என்பதுதானே விதி, கொடுத்திருப்பார்கள் என்றேன். 3 மருந்துகள் தோற்றிருக்க வேண்டும் என்ற மற்ற விதியை நான் நினைவூட்டவில்லை. அம்மாவுக்கு ஒன்றுகூடக் கொடுக்கப்பட்டதில்லை. அவளை யாரும் மருத்துவரிடம் அழைத்துப் போகவே இல்லை, நான் உட்பட.