மாமல்லபுரத்துக்குக் காமிராவோடு போகிறீர்களா?

மாமல்லபுரத்துக்கு வழி சொல்ல வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. கட்டுச்சாதக் கூடை, குழந்தைகள், ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார் எல்லாரும் வண்டியில் ஏறிவிட்டால், கடற்கரைச் சாலையில் ஒன்றரை மணி நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். ஆனால், "இந்தத் தடவை நல்லதாக ஒரு காமிரா வாங்கிக்கொண்டு போகலாமே!" என்று வீட்டில் யாராவது வாயைத் திறந்தார்களோ, வந்தது வினை! கடைக்காரர் நாலு பெட்டிகளை எடுத்து மேஜைமேல் வைப்பார். இத்தனை மெகாபிக்ஸல், அத்தனை மெகாபிக்ஸல் என்பார். இருக்கிற பணமெல்லாம் பெட்டியோடு தீர்ந்துவிடும். திரும்பி வந்து படங்களைப் பார்த்தால், மாமியார் கல் ரதத்தின் அடியில் ஒரு புள்ளியாக நின்றுகொண்டிருப்பார். வேடந்தாங்கல் நாரைகளோ, புள்ளியாகக்கூட விழுந்திரா.

ஆகையால், நேயர்களே, கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு நாள் என்னோடு புறப்பட்டு வாருங்கள். தை மாதமாக இருந்தால் உத்தமம். காலையில் மாமல்லபுரம், சாயங்காலம் வேடந்தாங்கல். எந்த இடத்தில் எந்த லென்ஸ் வேண்டியிருக்கிறது என்பதை அந்த இடத்திலேயே பார்த்துவிடுவோம்.

முதலில் அர்ச்சுனன் தபசு. தபசு செய்கிறவர் அர்ச்சுனனா, பகீரதனா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. நமக்கு அது வேண்டாம். சுமார் 96 அடி நீளமும் 43 அடி உயரமும் உள்ள பாறை அது. கிழக்கே பார்த்தது. ஆகவே காலை வெயில் நேரே அதன் முகத்தில் விழும். பிற்பகலில் போனால் நிழல் மூடியிருக்கும். சூரியன் சற்று ஏறி, வெயில் மேலிருந்து சாய்ந்து விழும் வேளையில் பாருங்கள். ஒவ்வோர் உருவத்துக்கும் கீழே மெல்லிய நிழல் படிந்து, யானைகள் பாறையைவிட்டு வெளியே வந்து நிற்கும்.

லென்ஸின்மேல் 24, 50, 200 என்று மில்லிமீட்டர் கணக்கு எழுதியிருக்குமே, அந்த எண் சிறியதாக இருந்தால் காட்சி அகலமாக விழும். பெரியதாக இருந்தால் தூரத்துப் பொருள் கிட்டே வரும். பாறை முழுவதும் ஒரே படத்தில் வேண்டுமானால் 24 போதும். ஆனால் அதை வைத்துக்கொண்டு பாறைக்கு அருகில் நின்று அண்ணாந்து எடுத்தீர்களானால், நேராக நிற்க வேண்டிய கோடுகளெல்லாம் மேலே போகப்போகக் கூம்பிவிடும். ரஸ்தாவின் ஓரம்வரை பின்னுக்குப் போய், காமிராவைச் சாய்க்காமல் பிடியுங்கள்.

என்னைக் கேட்டால், அந்தப் பாறையில் முழுப் படத்தைவிடச் சில்லறைப் படங்களே ருசி. ஒற்றைக் காலில் நின்று தவம் செய்யும் பூனை இருக்கிறது. அதைச் சுற்றி, அதை நம்பி வந்த எலிகள்! பின்னங்காலால் மூக்கைச் சொறிந்துகொள்ளும் மான் ஒன்று இருக்கிறது. இவற்றைத் தனியாகப் பிடித்து வர 85 முதல் 135 வரையுள்ள ஒரு லென்ஸ் வேண்டும். செல்போனில் விரல்களால் விரித்துப் பெரிதாக்கினால் பூனை வரும். ஆனால் கல்லின் சொரசொரப்பு மெழுகுபோல் ஆகிவிடும்.

பக்கத்தில் மகிஷாசுரமர்த்தினி மண்டபத்துக்கு வாருங்கள். ஒரு சுவரில் சிங்கத்தின்மேல் ஏறிவரும் தேவி. எதிர்ச்சுவரில் பாம்பணைமேல் பள்ளிகொண்ட பெருமாள். ஒரு பக்கம் யுத்தம், எதிர்ப்பக்கம் உறக்கம்! ஆனால் உள்ளே வெளிச்சம் மட்டம். ‘பிளாஷ்’ அடித்தால் சிற்பம் சுண்ணாம்பு பூசின சுவர்போல் தட்டையாகிவிடும். இங்கேதான் எஃப் என்ற எழுத்துக்குப் பக்கத்தில் போட்டிருக்கும் எண்ணுக்கு மதிப்பு. அது எவ்வளவு சிறியதோ, அவ்வளவு அகலமாக லென்ஸின் வாசல் திறக்கிறது என்று அர்த்தம். காமிராவோடு சேர்த்துக் கொடுக்கும் சாதாரண லென்ஸ், நீட்டிப் பிடித்தால் 5.6 வரைதான் திறக்கும். எஃப் 1.8 உள்ள 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஏறக்குறைய அதைப்போல் பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். பெரும்பாலான கம்பெனிகளிலும் மலிவான லென்ஸ்களில் ஒன்றாக அதுவே இருப்பது ஆச்சரியம். கடைக்காரர்கள் அதைத் தாமாக எடுத்துக் காட்டுவது அபூர்வம்.

புதிய காமிராக்களில் கை நடுக்கத்தைத் தாங்கிக்கொள்ளும் அமைப்பு உண்டு. தேவிக்கு அது உதவும்; அவள் அசையமாட்டாள். உங்கள் வீட்டுக் குழந்தை அசையும். அதற்கு 1.8-தான் கதி. முக்காலியை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். தொல்பொருள் இலாகாவின் அனுமதி இல்லாமல் அங்கே அதை விரிக்க விடமாட்டார்கள்.

பஞ்ச ரதங்களுக்கு வந்துவிட்டோம். ஏழாம் நூற்றாண்டில் ஒவ்வொன்றையும் பாறையிலேயே குடைந்து எடுத்தார்கள். இங்கேதான் குடும்பப் படங்கள் பாழாகின்றன. மாமியாரை ரதத்தின் அடியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, ரதம் முழுவதும் விழவேண்டும் என்று பின்னால் பின்னால் நகர்வார்கள்! அப்படிச் செய்யாதீர்கள். அவரைக் காமிராவுக்குப் பத்தடி தூரத்தில் நிற்கவைத்து, ரதத்தை அவருக்குப் பின்னால் தொலைவில் விட்டுவிடுங்கள். 35 அல்லது 50 லென்ஸில் அவர் முகமும் தெரியும், ரதமும் தெரியும். அதே படத்தை 24-ஐக் கொண்டு இரண்டடி தூரத்திலிருந்து எடுத்தால் மூக்கு முந்திக்கொள்ளும், காது பிந்திக்கொள்ளும். எல்லாரையும் வரிசையாக நிறுத்தினாலோ, ஓரத்தில் நிற்பவர் உள்ளதைவிடப் பருமனாக விழுவார். அவர் நாத்தனாராக இருந்துவிட்டால், அப்புறம் வீட்டில் நடப்பதற்கு லென்ஸ் கம்பெனி பொறுப்பல்ல!

கடற்கரைக் கோயிலில் பில்டர்களின் கதையைப் பார்த்துவிடலாம். கறுப்பு வெள்ளைப் பிலிம் காலத்தில் மேகம் தெரிவதற்காக மஞ்சள் பில்டர் போடுவார்கள். சிவப்புப் போட்டால் ஆகாயம் இருண்டு இடி இடிக்கப்போகிற மாதிரி இருக்கும். அந்த வேலையை இப்போது கம்ப்யூட்டரே செய்துவிடுகிறது. கம்ப்யூட்டரால் செய்ய முடியாத வேலை போலரைஸர் பில்டருடையது. ஈரப் பாறையிலும் தண்ணீரிலும் மினுக்கும் கண்கூச்சத்தை அது தடுத்துவிடும்; ஆகாயத்தை ஆழ்ந்த நீலமாக்கும். ஆனால் அதற்கும் ஒரு நியாயம் உண்டு. சூரியன் உங்கள் தோளுக்கு நேரே பக்கவாட்டில் இருக்க வேண்டும். காலையில் கோயிலுக்குத் தெற்கேயோ வடக்கேயோ நின்று எடுத்தால் பலிக்கும். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு எடுத்தால், போட்டதும் ஒன்றுதான், போடாததும் ஒன்றுதான். இன்னொன்று: ஒவ்வொரு லென்ஸுக்கும் வாய் அளவு வேறு. பெரிய வாய்க்குத் தக்கதாக ஒரே ஒரு போலரைஸர் வாங்கி, சின்ன லென்ஸுகளுக்கு இடையில் வளையம் போட்டுக்கொள்ளுங்கள். அலையைப் பனிபோல் கரைத்துக் காட்டும் கறுப்பு ‘என்.டி.’ பில்டருக்கு முக்காலி வேண்டும். அதை இன்று மறந்துவிடலாம்.

சாப்பாடு ஆயிற்றா? திருக்கழுக்குன்றம், செங்கற்பட்டு வழியாக வேடந்தாங்கலுக்குப் போவோம். திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளையில் சோறு உண்ண வந்த கழுகுகள் இப்போது வருவதில்லை. அந்த வருத்தத்தை ஆற்றுவதற்கென்றே வேடந்தாங்கல் ஏரி இருக்கிறது. பறவைகள் கிளை கிளையாக உட்கார்ந்திருக்கும். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். அந்த நன்றிக்கு ஊரார் தீபாவளிக்குக்கூடப் பட்டாசு வெடிப்பதில்லை. 2022-ல் இது ராம்சார் பட்டியலிலும் இடம் பெற்றது.

சாயங்காலம் நான்கு மணிக்குமேல் மேய்ச்சலுக்குப் போன கூட்டம் திரும்பத் தொடங்கும். நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன் என்று ஆகாயமே சிறகாகிவிடும். கரைக்கும் மரங்களுக்கும் நடுவே தண்ணீர்! ஓர் அடி கிட்டே போக வழியில்லை. மாமல்லபுரத்தில் ராஜாவாக இருந்த 50 இங்கே ஆண்டி. அதில் கொத்தமல்லி விதை அளவு தெரியும் நாரை, 400-ல் எட்டு மடங்கு பெரிதாகத் தெரியும்.

இந்த ஏரிக்கரையில்தான் பாடியைப் பற்றியும் தெரிந்துகொள்ள வேண்டும். பிலிம் இருந்த இடத்தில் இப்போது சென்ஸார் இருக்கிறது. பெரியது 36-க்கு 24 மில்லிமீட்டர். சின்னது சுமார் 24-க்கு 16. சின்னதில் 300 மில்லிமீட்டர் லென்ஸை மாட்டினால் பெரியதில் 450 மாட்டினதுபோல் பறவை சட்டத்தை அடைக்கும். விலையும் குறைவு, கனமும் குறைவு. இருட்டு மண்டபத்தில் பெரிய சென்ஸாருக்குச் சக்தி அதிகம்தான். ஆனால் கோயிலும் குழந்தையும் பறவையும் பார்க்கிற குடும்பத்துக்குச் சின்னதே போதும் என்பது என் கட்சி. பறப்பதைப் பிடிக்க ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடியோ, அதற்கும் குறைவோ வேண்டியிருக்கும். வெளிச்சத்தைத் தின்னும் போலரைஸரை இங்கே கழற்றிவிடுங்கள். வெள்ளைப் பறவை கறுத்த இலைகளுக்கு நடுவே இருந்தால் சிறகு வெளுத்துப்போகாமல் சற்று இருட்டாகவே எடுங்கள்.

150 முதல் 600 வரை போகும் ராட்சச லென்ஸ் ஒன்று உண்டு. கனம் கிட்டத்தட்ட 2 கிலோ. வருஷத்தில் இரண்டு நாள் பறவை பார்க்கிறவர்கள் அதை வாங்கவே வேண்டாம். சென்னையில் நாள் வாடகைக்குக் கிடைக்கிறது. எட்டு மாதம் பீரோவில் தூங்கப்போகிற லென்ஸுக்குப் போடும் பணத்தில், ஒரு நல்ல 50-ம், போலரைஸரும், இன்னொரு தடவை மாமல்லபுரம் போய்வரும் செலவும் கட்டிவிடும்.

கடைக்குப் போகும்போது ஒன்று ஞாபகம் இருக்கட்டும். பாடி வாங்குவது சம்பந்தம் செய்துகொள்வதுபோல. ஒரு கம்பெனியின் லென்ஸ் மற்றொன்றின் பாடியில் நேராகப் பொருந்தாது. நாலைந்து வருஷத்தில் பாடி மாறும். லென்ஸ் வீட்டோடு இருக்கும். அதனால் அந்த வம்சத்தில் உங்களுக்கு வேண்டிய லென்ஸ்கள், நீங்கள் கொடுக்கக்கூடிய விலையில் இருக்கின்றனவா என்று முதலில் விசாரியுங்கள். பாடியில் மிச்சம் பிடித்து லென்ஸில் போடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும், கடல் உப்புப் படிந்த லென்ஸைப் புடவைத் தலைப்பால் துடைக்க வேண்டாம். முதலில் ஊதல் பந்தால் மணலை ஊதிவிட்டு, அதற்கென்று உள்ள மெல்லிய துணியால் துடையுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் தோல் உறைக்குள் மூடிவைத்த லென்ஸில் பூஞ்சை படரும். காற்றுப் புகாத முறுக்கு டப்பா ஒன்றைக் காலி செய்து, சிலிகா ஜெல் பொட்டலங்களோடு அதில் வையுங்கள். பொட்டலத்தில் உள்ள மணிகள் நிறம் மாறினால் பொட்டலத்தையும் மாற்றுங்கள். டப்பாவின்மேல் ‘முறுக்கு இல்லை’ என்று எழுதி ஒட்டிவிடுவது நல்லது.